பீக் ரிவார்ட்ஸ்: ஐம்பதுக்குக் கையெழுத்துப் போடலாம், நூறுக்கு வேண்டாம்

அமெரிக்காவில், பால்டிமோர் சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளில், வெளியே நிற்கும் ஏசி யூனிட்டுக்குப் பக்கத்துச் சுவரில் கையகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் அதை ஏசியின் பாகம் என்றே நினைத்துக்கொள்வார்கள். அது பி.ஜி.இ. மின் நிறுவனத்தின் சொத்து. கோடையில் ஊர் முழுக்க ஏசி ஓடி மின்தேவை உச்சத்துக்குப் போகும்போது, உங்கள் வீட்டுக் கம்ப்ரஸரைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும் சுவிட்ச். அதற்குச் சம்மதித்தவருக்குப் பில்லில் கழிவு. இந்தத் திட்டத்தின் பெயர் பீக் ரிவார்ட்ஸ், 2008-இல் தொடங்கியது.

ஊரில் நாம் பார்த்த கரண்ட் கட் மாதிரி இல்லை இது. லைட் எரியும், ஃப்ரிட்ஜ் ஓடும், ஏசியின் உள்காற்றுகூட வந்துகொண்டிருக்கும். வெளியே இருக்கும் கம்ப்ரஸர் மட்டும் நிற்கும். திட்டத்தில் மூன்று படிகள். ஐம்பது சதவீதம் என்றால் ஒவ்வொரு அரைமணியிலும் 15 நிமிடம் வரை நிறுத்தம். எழுபத்தைந்து என்றால் இருபத்திரண்டரை நிமிடம். நூறு என்றால் நிறுத்திய நேரத்திலிருந்து திரும்ப விடும்வரை கம்ப்ரஸர் ஓடவே ஓடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு பில்களில், மாதத்துக்கு முறையே 12.50, 18.75, 25 டாலர் என்பது ஆரம்ப வருடங்களின் கணக்கு. கோடை முழுக்க 50, 75, 100 டாலர். அந்த வருடம் ஒரு நாள்கூட நிறுத்தவில்லை என்றாலும் கழிவு உண்டு.

இதைப் படித்ததும் எல்லோரும் கேட்பது, "நூறே எடுத்துவிட்டால் என்ன? வருஷத்தில் நாலைந்து நாள்தானே?" என்றுதான். அந்த நாலைந்து நாள் எது என்று பாருங்கள். மின்தேவை உச்சத்தைத் தொடுவது சும்மா ஒரு வெயில் நாளில் இல்லை. மூன்று நாள் தொடர்ந்து கொளுத்தி, இரவிலும் சூடு இறங்காமல், சுவரும் கூரையும் வெந்துபோயிருக்கும் நாளில்தான். உங்களுக்கு ஏசி எப்போது மிகவும் தேவையோ, அப்போதுதான் நிறுத்துவார்கள். அதற்காகத்தான் காசே கொடுக்கிறார்கள்.

2011 ஜூலை 22 இதற்குச் சரியான சாட்சி. அன்று பால்டிமோரில் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. கிழக்கு மாநிலங்களின் மின்கட்டமைப்பை நடத்தும் பி.ஜே.எம். அவசரநிலை அறிவிக்க, பி.ஜி.இ. சுவிட்சுகளைத் தட்டியது. திட்டத்தில் அப்போது ஏறக்குறைய 3,50,000 வாடிக்கையாளர்கள். நூறு சதவீதத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் வீட்டில் பல மணி நேரம் குளிர்ச்சியே இல்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு லைன் கிடைக்கவில்லை. புகார் குவிந்து, மேரிலாந்தின் பொதுச் சேவை ஆணையம் விசாரணை வைத்தது. சாதாரண நாளில் "இன்று என்னை விட்டுவிடுங்கள்" என்று சொல்லி விலக வாடிக்கையாளருக்கு வருடத்துக்கு இரண்டு முறை வாய்ப்பு உண்டு. அவசரநிலையில் அந்த வாய்ப்பு செல்லாது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததுதான், ஆனால் முதல் வருடத்தில் 200 டாலர் வரை என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும்போது இந்த வரி யார் கண்ணில் படும்?

ஆகவே நூறு யாருக்குப் பொருந்தும் என்றால், கோடைப் பகலில் வீட்டில் யாருமே இல்லாதவர்களுக்கு. அல்லது குளுகுளு என்று ஒரு பேஸ்மெண்ட் இருந்து, சாயங்காலத்தை அங்கே ஓட்டிவிட முடிகிறவர்களுக்கு. ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்கியிருக்கும் கோடை, கைக்குழந்தை இருக்கும் கோடை, இதய நோயோ மூச்சுத் தொந்தரவோ உள்ளவர் வீட்டில் இருக்கும் கோடை என்றால் நூறு, எழுபத்தைந்து இரண்டையும் மறந்துவிடுங்கள். மேலே சொன்ன கணக்கில் ஐம்பதுக்கும் நூறுக்கும் நடுவே இருப்பது வருடத்துக்கு 50 டாலர். ஒரு நாள் ஹோட்டல் அறை எடுத்தால் அது போய்விடும்.

ஐம்பது எவ்வளவு உறைக்கும் என்பது உங்கள் ஏசியின் அளவைப் பொறுத்தது. இதை எந்த விளம்பரத் தாளிலும் போடமாட்டார்கள், ஆனால் விஷயமே இதில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு இரண்டரை டன் போதும், ஆனால் பில்டர் நான்கு டன் வைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கடும் வெயிலில்கூட அது அரைமணிக்கு 19 நிமிடம் ஓடினால் வீடு குளிர்ந்துவிடும். அரைமணியில் 15 நிமிடம் நிறுத்தினால் உங்களுக்கு நஷ்டம் நாலு நிமிடம். வித்தியாசமே தெரியாது. அதே வீட்டில் கணக்குப் போட்டுச் சரியாக இரண்டரை டன் வைத்திருந்தால், அது அந்த வெயிலில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதில் 15 நிமிடம் போனால் குளிர்ச்சியில் பாதி போயிற்று. சரியான அளவில் ஏசி வைத்தவருக்குத்தான் வேர்க்கும், பெரிதாக வைத்தவர் சும்மா கழிவு வாங்குவார். நிறுவனத்துக்கும் இது தெரியும். அதனால்தான் சில சுவிட்சுகளில் தந்திரமான கணக்கு ஒன்று உண்டு. நிறுத்துவதற்கு முன் கம்ப்ரஸர் எவ்வளவு நேரம் ஓடியது என்பதைச் சுவிட்சே கவனித்து வைத்துக்கொண்டு, அந்த ஓட்டத்தில் பாதியை வெட்டும். அப்படிப்பட்ட பெட்டி இருந்தால் நான்கு டன்காரருக்கும் ஒன்பது நிமிடம் வரை போகும்.

உங்கள் கதை என்ன என்று ஒரே மத்தியானத்தில் கண்டுபிடித்துவிடலாம். 95 டிகிரிக்கு மேல் அடிக்கும் நாளில், வழக்கமான செட்டிங்கில் தெர்மோஸ்டாட்டை விட்டுவிட்டு, 3 மணியிலிருந்து 5 மணி வரை வெளியே யூனிட் எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மணிக்கு 35 நிமிடத்துக்குக் குறைவாக ஓடினால் ஐம்பது எடுத்தது பெரிதாக உறைக்காது, எழுபத்தைந்துகூட யோசிக்கலாம். 50 நிமிடத்தைத் தாண்டினால் ஐம்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓயாமல் ஓடியும் செட் செய்த அளவுக்கு வீடு வரவில்லை என்றால், திட்டத்தில் சேருவதற்கு முன் ஏசியைப் பாருங்கள். கேஸ் குறைவோ, ஃபில்டர் அடைப்போ, கூரைக்கடியில் அட்டிக்கில் ஓடும் காற்றுக் குழாய், அதாவது டக்ட், பிரிந்திருக்கிறதோ, ஏதோ ஒன்று இருக்கிறது.

இனிப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தெர்மோஸ்டாட் குளிர் கேட்கும்போது 24 வோல்ட் மின்சாரம் ஒரு மெல்லிய ஒயர் வழியாக வெளியே போகும். பெரும்பாலும் மஞ்சள் நிறம், டெக்னீஷியன்கள் ஒய் ஒயர் என்பார்கள். அது காண்டாக்டர் என்ற பெரிய மின்சுவிட்சின் காயிலுக்குப் போய், காண்டாக்டர் "டக்" என்று மூடி, 240 வோல்ட் கம்ப்ரஸருக்கும் வெளி ஃபேனுக்கும் போகும். சுவிட்ச் பெட்டி அந்த மஞ்சள் ஒயரின் நடுவே உட்கார்ந்து, சொன்னதும் திறந்து மூடும் ஒரு ரிலே, அவ்வளவுதான். தான் ஓடுவதற்கு வேண்டிய மின்சாரத்தைக் காண்டாக்டருக்கு வரும் 240 வோல்ட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ரேடியோ பேஜர் சிக்னல் வந்ததும் ரிலே திறக்கும், மஞ்சள் ஒயர் அறுந்த மாதிரி ஆகிவிடும். மாட்டுவதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம், கட்டணம் இல்லை.

மஞ்சள் ஒயர் அறுந்தாலும், உள்ளே காற்றை ஊதும் ப்ளோயருக்குப் போகும் ஒயர் அறுவதில்லை. தெர்மோஸ்டாட்டுக்கு வெளியே நடப்பது தெரியாது. அது குளிர் கேட்டுக்கொண்டே இருக்கும், ப்ளோயரும் ஊதிக்கொண்டே இருக்கும். காற்று சுழல்வது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் காற்றைக் குளிர்விக்கும் உள் காயிலின் மேல் கோத்திருக்கும் ஈரம் சில நிமிடத்தில் ஆவியாகி வீட்டுக்குள்ளேயே திரும்ப வரும். பால்டிமோர் கோடை ஏற்கெனவே புழுக்கம். டிகிரி இரண்டுதான் ஏறியிருக்கும், ஆனால் சென்னைச் சாயங்காலம் போல உடம்பு பிசுபிசுக்கும். டக்ட் குழாய்கள் அட்டிக்கில் ஓடும் வீடுகளில் இன்னும் மோசம். கூரைக்கடியில் கொதிக்கும் சூட்டை வாங்கிக்கொண்டு வந்து ப்ளோயர் படுக்கையறையில் ஊதும்.

நூறு சதவீதத்தில் இருப்பவர்களுக்கு இதற்கு ஒரு வழி உண்டு. கம்ப்ரஸர் நின்றுவிட்டது, வெதுவெது காற்று வருகிறது என்று தெரிந்ததும் தெர்மோஸ்டாட்டை அறை வெப்பத்துக்கு மேலே, 84, 85 என்று ஏற்றிவிடுங்கள். குளிர் கேட்பது நிற்கும், ப்ளோயரும் நிற்கும். சீலிங் ஃபேனைப் போட்டுக்கொள்ளுங்கள். நிறுத்தம் முடிந்ததும் பழைய எண்ணுக்கு இறக்க மறக்கக் கூடாது. ஐம்பதில் இருப்பவர்கள் கால்மணிக்கு ஒருமுறை இப்படி ஓடிக்கொண்டிருக்க முடியாது, தேவையும் இல்லை. ஃபேன் செட்டிங் மட்டும் "ஆன்"-இல் இல்லாமல் "ஆட்டோ"-வில் இருக்கட்டும்.

நிறுத்தத்தின் நடுவே பலர் செய்வது, தெர்மோஸ்டாட்டை 68-க்கு இறக்குவது. ஒயரே அறுந்திருக்கும்போது எண்ணைக் குறைத்து என்ன பயன்? நிறுத்தம் முடிந்ததும் ஏசி 68-ஐத் துரத்திக்கொண்டு நள்ளிரவு வரை ஓடும், அதுதான் மிச்சம். செய்ய வேண்டிய வேலை காலையிலேயே இருக்கிறது. வெயில் நாள் தொடர்ந்து மூன்றாவதாக வருகிறது, முன்னறிவிப்பு 95-க்கு மேல் என்றால், 10 மணியிலிருந்து 1 மணி வரை வழக்கத்தைவிட மூன்று டிகிரி குறைத்து ஓட்டுங்கள். சுவரும் சோபாவும் குளிர்ச்சியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேற்குப் பக்கத் திரைகளை மதியமே மூடிவிடுங்கள். சாயங்காலம் 5 மணிக்கு அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவதும், ட்ரையரில் துணி உலர்த்துவதும் அன்றைக்கு வேண்டாம். ஏசி பாதி வேகத்தில் ஓடும் வீட்டில் அந்தச் சூடு வெளியே போக வழியில்லை.

பில்லில் யூனிட் குறையுமா? குறையும், சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 3 டன் ஏசி சுமார் 3 கிலோவாட் இழுக்கும். நாலு மணி நேரம் பாதி நிறுத்தினால் 6 யூனிட். யூனிட் 15 சென்ட் என்று வைத்தால் 90 சென்ட். அதிலும் ஒரு பங்கை, விட்ட குளிரைப் பிடிக்க ஏசி பின்னால் கூடுதலாக ஓடித் தின்றுவிடும். எல்லா வீட்டுக் கம்ப்ரஸரும் ஒரே நொடியில் திரும்பக் கிளம்பினால் இன்னொரு உச்சம் வந்துவிடும் என்பதால், சுவிட்சுகள் ஒவ்வொன்றும் சில நிமிடம் முன்பின்னாக விடும். பக்கத்து வீட்டு ஏசி ஓட ஆரம்பித்து உங்களுடையது கிளம்பவில்லை என்றால் உடனே போனை எடுக்காமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

பிறகு யாருக்கு லாபம்? வருடத்தில் சில பத்து மணி நேரத்துக்காக மட்டும் ஒரு மின்நிலையத்தைக் கட்டி வைத்திருப்பதைவிட, லட்சக்கணக்கான வீடுகளில் ஆளுக்கு ஒரு கிலோவாட் குறைப்பது மலிவு. இப்படிக் குறைக்கத் தயாராக இருக்கும் மெகாவாட்டை பி.ஜே.எம். சந்தையில் விற்கவும் முடியும். செலவு? 2008-இல் வந்த எம்பவர் மேரிலாந்து சட்டத்தின்படி இத்தகைய திட்டங்களுக்கான செலவு எல்லா வாடிக்கையாளர் பில்லிலும் தனி வரியாக விழுகிறது. திட்டத்தில் சேராதவரும் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஐம்பதுக்குச் சேரச் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

பழுது விஷயத்துக்கு வருவோம். "அந்தப் பெட்டி மாட்டினதிலிருந்து ஏசி சரியில்லை" என்பது அடிக்கடி கேட்கும் குறை. கால்மணி ஓய்வு கொடுத்துக் கிளப்புவதால் கம்ப்ரஸர் கெடாது. சாதாரணமாகவே அது மணிக்கு இரண்டு மூன்று தடவை நின்று கிளம்புகிறது. நின்ற உடனே கிளப்பினால்தான் ஆபத்து, அதைத் தடுக்கத் தாமதம் இருக்கும். பெரும்பாலும் குற்றவாளி, கம்ப்ரஸரைக் கிளப்ப உதவும் கேபாசிட்டர். ஓய்ந்துபோன கேபாசிட்டர் கொதிக்கும் வெயிலில் கம்ப்ரஸரைக் கிளப்ப முடியாமல் "ம்ம்ம்" என்று முனகும். சுவிட்ச் இல்லாவிட்டாலும் அடுத்த வாரம் அது போயிருக்கும்.

பெட்டியே காரணமாகும் இடமும் உண்டு. மஞ்சள் ஒயரை வெட்டி இரண்டு பக்கமும் பெட்டியின் ஒயரோடு சேர்த்து முறுக்கித் தொப்பி போட்டிருப்பார்கள். மழையும் அதிர்வும் பட்டு அந்த இணைப்பு தளர்ந்தால் ஏசி மிதமான நாளில்கூட ஓடாது. அடையாளம் இதுதான்: உள்ளே ப்ளோயர் ஊதுகிறது, தெர்மோஸ்டாட் "கூல்" என்கிறது, வெளியே யூனிட் மூச்சுவிடவில்லை. மீட்டர் வைத்துப் பார்க்கத் தெரிந்த டெக்னீஷியன், உள்ளே போர்டில் 24 வோல்ட் இருக்கிறது, காண்டாக்டர் காயிலில் பூஜ்யம் என்றால், நடுவில் இருக்கும் பெட்டியைத்தான் சந்தேகப்படுவார். இரண்டு மஞ்சள் ஒயரையும் நேரே சேர்த்தால் ஓடிவிடும். நீங்களே திறக்காதீர்கள், அதே பெட்டிக்குள் 240 வோல்ட் இருக்கிறது. ஏசி கம்பெனிக்கு வருகைக் கட்டணம் கட்டிக் கூப்பிடுவதற்கு முன் திட்டத்தின் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பெட்டி அவர்களுடையது, அதைப் பார்ப்பது அவர்கள் செலவு.

ரிலே இன்னொரு விதமாகவும் கெடும்: மூடியபடியே ஒட்டிக்கொள்ளும். அப்போது நிறுத்தமே நடக்காது, கழிவு மட்டும் வரும். பேஜர் சிக்னல் ஒருவழிப் பாதை, பெட்டி "கிடைத்தது" என்று பதில் சொல்லாது. புது ஏசி மாட்டவருகிறவர் பழைய பெட்டியின் ஒயரை வெளியே எடுத்துத் தொங்கவிட்டுப் போவதும் சகஜம். இலவசக் கழிவு என்று சந்தோஷப்படலாம்தான், சோதனைக்கு ஆள் வரும்வரை. ஏசி மாற்றினால் திட்டத்துக்குச் சொல்லி மறுபடி மாட்டச் சொல்லுங்கள். வேகத்தை ஏற்றி இறக்கி ஓடும் இன்வெர்ட்டர் வகையில் வெட்டுவதற்கு மஞ்சள் ஒயரே இல்லாமல் இருக்கலாம், அதில் இந்தப் பெட்டி சரிப்படாது. சுவரில் தொங்கும் ஸ்ப்ளிட் ஏசி, ஜன்னல் ஏசிக்கும் இது இல்லை.

மற்ற ஊர்களில் இருப்பவர்களுக்காக இரண்டு வரி. சதர்ன் கலிஃபோர்னியா எடிசனின் சம்மர் டிஸ்கவுண்ட் பிளானில் ஐம்பதும் நூறும் உண்டு, நாளுக்கு 6 மணி நேரம், வருடத்துக்கு 180 மணி நேரம் என்று உச்சவரம்பு எழுதியே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அந்த உச்சவரம்புதான். கழிவு ஏசியின் டன்னைப் பொறுத்தது, பெரிய வீட்டுக்காரருக்கு நல்லது. மினசோட்டாவில் எக்ஸல் எனர்ஜி நெடுங்காலமாகக் கொடுத்த முறை வேறு: ஜூன் முதல் செப்டம்பர் வரை மின்சாரக் கட்டணத்தில் 15 சதவீதத் தள்ளுபடி. நிறைய ஓட்டுகிறவருக்கு நிறையக் கிடைக்கும், சிக்கனக்காரருக்குக் கொஞ்சம்தான். சிக்கனத்துக்கான திட்டத்தில் இது கொஞ்சம் வேடிக்கை.

பெட்டி வேண்டாம், நெஸ்ட், ஈகோபீ போன்ற ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வழியாகவே சேரலாம் என்றால், பல ஊரில் அது மேல். பெட்டிக்கு உங்கள் அறை எத்தனை டிகிரி என்று தெரியாது, தெர்மோஸ்டாட்டுக்குத் தெரியும். செட்டிங்கை சில டிகிரி ஏற்றி வைக்கும், அதற்கு மேல் வீடு சூடானால் ஏசி ஓடும். முன்கூட்டியே குளிரவும் வைக்கும், பிடிக்கவில்லை என்றால் கையால் மாற்றலாம். ஆனால் 2022 ஆகஸ்ட் 30 அன்று கொலராடோவில் எக்ஸலின் சுமார் 22,000 வாடிக்கையாளர்களின் தெர்மோஸ்டாட் மாற்ற முடியாதபடி பூட்டிக்கொண்டது. அவசரநிலை என்று திரையில் வந்தது. எந்தக் கருவியாக இருந்தாலும் ஒப்பந்தத்தில் "அவசரநிலை" என்ற சொல்லைத் தேடி அந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள்.

மதிப்பெண் கேட்டால்: ஐம்பதுக்கு ஐந்தில் நாலு, எழுபத்தைந்துக்கு இரண்டரை, நூறுக்கு, காலி வீடாக இருந்தால் நாலு, ஆள் இருக்கும் வீடாக இருந்தால் ஒன்று. ஏற்கெனவே நூறில் இருப்பவர்கள் கீழே இறங்க ஒரு போன் போதும். மே மாதத்திலேயே செய்துவிடுங்கள். ஜூலையில் வீடு கொதிக்கும்போது கூப்பிட்டால், அதே காரியத்துக்காக உங்களுக்கு முன்னால் ஊரே வரிசையில் நிற்கும்.